இடது பக்கத்து வெளிச்சம்

வெள்ளி கிரகத்தின் மேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அது பாட்டுக்கு வானத்தின் ஒரு மூலையில் கிடக்கிறது, உன்னை என்ன செய்தது என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரரின் கண்ணைக் கெடுத்ததே அதுதான். அது நேரடியாகக் கெடுக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது இருக்கிற தைரியத்தில்தான் நாங்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தோம்.

அவர் விமானி. ஊருக்கெல்லாம் கேப்டன். நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். "அண்ணி, உங்க வீட்ல ரெண்டு பேருமே டிரைவர்தான். என்ன, அண்ணன் வண்டிக்கு ரிவர்ஸ் கிடையாது, உங்க வாய்க்கு பிரேக் கிடையாது" என்று என் கொழுந்தன் சொல்வான். சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொள்வான்.

பறப்பது அவருக்கு வேலை என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். லீவு நாட்களில் அவர் வீட்டில் நடமாடுவதைப் பார்த்தால், விருந்துக்கு வந்த இடத்தில் செருப்பைக் காணாமல் தேடுகிற ஆள் மாதிரி இருக்கும். ஃப்ரிட்ஜைத் திறப்பார், மூடுவார். பால்கனிக்குப் போவார். தலைக்கு மேல் ஏதாவது பறந்தால் சத்தத்தை வைத்தே "ரெண்டு இன்ஜின், லேட்டா கிளம்பியிருக்கான்" என்பார். நான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டபோதே அந்த வானமும் கூடவே வீட்டுக்குள் வந்துவிட்டது. எனக்கும் அது பழகிவிட்டது.

ஒருநாள் காலையில், இரவு ஓட்டம் முடிந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்.

"இடது பக்கம் ஒரு வெளிச்சம். எங்ககூடவே வந்துச்சு" என்றார்.

"என்ன வெளிச்சம்?"

"தெரியலை. நீளமா, கோடு மாதிரி. கண்ணாடியில ஒரே இடத்துல நின்னுச்சு. அதான் பயந்துட்டேன்."

அதற்குக் காரணம் இருக்கிறது. எதிரில் தெரியும் விளக்கு கண்ணாடியில் நகர்ந்துகொண்டே போனால் விமானிகள் கவலைப்பட மாட்டார்கள், அது ஒதுங்கிப் போய்விடும். நகராமல் ஒரே இடத்தில் நின்றால்தான் ஆபத்து, அது நேராக உங்களை நோக்கி வருகிறது. அதனால் இவர் விமானத்தைக் கொஞ்சம் திருப்பியிருக்கிறார். அதுவும் கூடவே திரும்பியிருக்கிறது. பக்கத்துச் சீட்டில் இருந்த துணை விமானி, சின்ன வயதுப் பெண், எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையே சார்" என்றிருக்கிறாள்.

மற்ற விமானிகள் என்றால் அங்கேயே விழுங்கியிருப்பார்கள். வெளியில் சொன்னால் கேலி, பட்டப்பெயர், சாப்பாட்டு அறையில் முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. இவர் மறைக்காமல் கம்பெனியில் சொல்லிவிட்டார். "பின்னாடி வர்றவன் அது மேல மோதிடக்கூடாது இல்ல" என்றார். அப்படிப்பட்ட மனுஷன் அவர் அப்போது. அந்த ஆளைத்தான் நான் பிற்பாடு தேடு தேடென்று தேடினேன்.

கொழுந்தனுக்குக் கொண்டாட்டம். "அண்ணே, பறக்கும் தட்டா? உள்ளே ஆள் இருந்தாங்களா? கையாட்டினாங்களா?" என்று ஒரு வாரம் உயிரை வாங்கினான். நானும் சேர்ந்து சிரித்தேன். அவரும் சிரித்தார்.

இந்த மாதிரி விஷயங்களை விசாரிக்க அவர்கள் கம்பெனியில் ஒருவர் இருக்கிறார். விமானிகள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் வெள்ளிக்காரர். யார் எதைப் பார்த்ததாகச் சொன்னாலும் கடைசியில் அவர் வெள்ளி கிரகத்தில் கொண்டுபோய் நிறுத்துவார் என்பதால் அந்தப் பெயர். ஒரு சாயங்காலம் லேப்டாப்போடு வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். நான் கொடுத்த டீயை ரசித்துக் குடித்தார்.

"கேப்டன் சார், நீங்க முதல் ஆள் இல்லை. வெள்ளிக்கு வழிவிட்டு ஒதுங்கின பைலட்டுங்க எத்தனையோ பேர். ஒருத்தர் விமான நிலையத்துக்கு போன் பண்ணி, எதிர்ல ஒருத்தன் லைட்டை அணைக்காம வர்றான்னு திட்டியிருக்கார். வெள்ளி இல்லைன்னா வானிலை பலூன். அதுவும் இல்லைன்னா வரிசையா போற செயற்கைக்கோள். ஒண்ணுமே இல்லைன்னா, உங்க டார்ச் லைட்டே கண்ணாடியில பட்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கும்."

அன்றைய வானத்தை லேப்டாப்பில் விரித்துக் காட்டினார். கொடுமை என்னவென்றால், வெள்ளி நிஜமாகவே அங்கே இருந்தது. அந்த நேரத்தில், அந்தத் திசையில், சரியாக இடது பக்கம், பளிச்சென்று.

"அந்தப் பொண்ணும் ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு சொல்லிடுச்சே சார். ரெண்டு பேர் பார்த்திருக்கீங்க. அப்ப அது வெளியில இருக்கிற பொருள்தான். சந்தேகமே இல்லை" என்றார்.

எங்களுக்கு அப்பாடா என்று இருந்தது. கோப்பையைக் கழுவும்போது நான் பாட்டுகூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் வெளிச்சத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் வேறொரு வேடிக்கை ஆரம்பித்தது. சாப்பிடும்போது திடீரென்று காற்றில் கையைத் தட்டுவார்.

"என்னங்க?"

"கொசு."

"எந்தக் கொசு? எனக்குத் தெரியாம உங்களுக்கு மட்டும் தனியா வளர்க்கிறீங்களா?"

அவர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. நான் கொசுவர்த்தி வாங்கி வைத்தேன். என் புத்தி அவ்வளவுக்குத்தான் போனது.

இரவு ஓட்டம் போகிறவர்கள் பகலில் தூங்க வேண்டும் என்பதால் எங்கள் படுக்கையறை ஜன்னலுக்குக் கம்பளி மாதிரி கனமான திரை போட்டிருக்கிறோம். இழுத்துவிட்டால் நடுப்பகலிலும் கும்மிருட்டு. ஒருநாள் மதியம் துணி எடுத்து வைக்கப் போனேன். கதவை லேசாகத் திறந்ததும், படுத்திருந்தவர் சட்டென்று இடது பக்கம் தலையைத் திருப்பினார். நான் நின்றது வலது பக்கம்.

"யார் அங்க டார்ச் அடிக்கிறது?"

"யாரும் அடிக்கலையே."

"இப்ப மின்னுச்சே" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் போர்வையை இழுத்துக்கொண்டார். "கனவு" என்றார்.

வெள்ளி கிரகம் எங்கள் படுக்கையறைக்குள் எப்படி வந்தது? எழுந்து வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"உண்மையைச் சொல்லுங்க. அந்த வெளிச்சம் இன்னும் வருதா?"

"எப்பவாவது."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"போகும்போதா, வரும்போதா?"

அவர் ஃப்ரிட்ஜைத் திறந்தார், மூடினார்.

"போகும்போது இடது பக்கம் இருக்கிற வெள்ளி, திரும்பி வரும்போது வலது பக்கம் தானே இருக்கணும்? என்கிட்ட கார் கத்துக்க வர்றவங்களுக்கே இது தெரியுமே!"

"அப்ப பலூனா இருக்கும்" என்றார். சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும், என்னைப் பார்க்கவில்லை. வெள்ளிக்காரர் கொடுத்துவிட்டுப் போன காரணங்களையெல்லாம் இவர் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தார். ஒருநாள் வெள்ளி, ஒருநாள் பலூன், ஒருநாள் கண்ணாடி. டாக்டர் என்ற வார்த்தையை எடுத்தாலே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விமானிகளே அப்படித்தான். வானத்தில் ஒரு பொட்டு தெரிந்தாலும் ஒன்பது பேருக்குச் சொல்வார்கள், தங்கள் உடம்பில் ஒன்று என்றால் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அடுத்த நாளே தரையில் நிறுத்திவிடுவார்களே.

அந்த வார முடிவில் கடைக்குப் போய்த் திரும்பினோம். அவர்தான் ஓட்டினார். எங்கள் வீட்டு வாசல் அகலமானது, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களைக்கூட அதில் நுழையவிட்டிருக்கிறேன். அவர் காரின் இடது பக்கத்தைத் தூணில் வைத்து நீளத்துக்குத் தேய்த்தார். சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை, இன்னும் தேய்த்தார்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? தூண் தெரியலை?" என்று வழக்கம்போல் கத்தினேன்.

"தூண் எங்க இருக்கு?" என்றார். அதிராமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரலில் கேட்டார். நான் இடது பக்கம் கையைக் காட்டினேன். என் கையும் அவருக்குத் தெரியவில்லை.

அப்படியே அவரை இந்தப் பக்கம் தள்ளி உட்காரவைத்துவிட்டு, நான் கண் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். பையில் இருந்த பால் பாக்கெட் உடைந்து சீட்டெல்லாம் வழிந்தது. யார் கவலைப்பட்டார்கள்.

கண் டாக்டர் படபடவென்று பேசுகிற பெண்மணி. சொட்டு மருந்து விட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய படபடப்பு குறைந்துகொண்டே வந்தது.

"வெளிச்சம் மின்னுற மாதிரி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கொசு பறக்கிற மாதிரி?"

இவர் தலையாட்டினார். நான் கொசுவர்த்தியை நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் விளக்கினார். கண்ணுக்குள்ளே கூழ் மாதிரி ஒன்று இருக்கிறது. அது சுருங்கும்போது பின்னால் இருக்கும் விழித்திரையைப் பிடித்து இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. இழுத்தால் அதற்குத் தெரிவது வெளிச்சம்தான். இழுத்து இழுத்துக் கிழிந்துவிட்டால், ஓதம் ஏறிய சுவரிலிருந்து காகிதம் உரிகிற மாதிரி மெல்ல உரிந்து வந்துவிடும். இவருக்கு நடுப்பகுதி வரை உரிந்துவிட்டது.

"வெளிச்சம் வந்த புதுசுலயே வந்திருந்தீங்கன்னா, உக்காந்த இடத்துலயே லேசர் போட்டு அனுப்பியிருப்பேன். அடுத்த வாரமே வேலைக்குப் போயிருக்கலாம்" என்றார். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அவர் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலை போல் இருந்திருக்கும்.

ஆபரேஷன் செய்தார்கள். கண்ணுக்குள் வாயுவை நிரப்பி, அது விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொள்வதற்காக முகத்தைக் கவிழ்த்தே படுத்திருக்கச் சொன்னார்கள். கையில் ஒரு எச்சரிக்கைப் பட்டை கட்டினார்கள். வாயு கரைகிற வரை விமானத்தில் ஏறக்கூடாது, மேலே போனால் அது விரிந்து கண்ணையே வெடிக்கவைத்துவிடும் என்றார்கள்.

"ஓட்டக்கூடாதா, இல்ல ஏறவே கூடாதா?" என்று கேட்டார்.

"ஏறவே கூடாது சார்."

அப்போதுதான் அவர் முகம் உடைந்தது. கண்ணைப் பற்றிச் சொன்னபோதெல்லாம் கல் மாதிரி இருந்த மனுஷன்.

வானத்தைப் பார்த்தே வாழ்ந்தவர் எங்கள் வீட்டுத் தரையைப் பார்த்துக் கவிழ்ந்து கிடந்தார். கட்டில் ஓரத்தில் முகம் மட்டும் வெளியே தொங்கும். அவரோடு பேச வேண்டும் என்றால் நான் கீழே தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவ்வளவு நேரம் முகத்துக்கு நேராக நாங்கள் பேசிக்கொண்டதில்லை. சில நேரம் அவர் கண்ணிலிருந்து ஒழுகுவது என் கன்னத்தில் விழும். அது மருந்தா, மற்றதா என்று நான் கேட்டதில்லை. கொழுந்தன் வந்து கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்து, "என்ன அண்ணே, கீழே ஏதாவது பறக்குதா?" என்றான். அண்ணன் சிரித்துவிட்டார். இவன் சமையலறைக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அந்தத் துணை விமானிப் பெண்ணும் பார்க்க வந்தாள். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

"சார், அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே தெரியலை சார். கேப்டன் பார்த்ததை நான் இல்லைன்னு சொன்னா உங்களுக்கு அசிங்கமா போயிடுமேன்னுதான், விசாரிக்க வந்தவர் கேட்டப்ப ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

அவள் ஒருத்தி அன்றைக்கு மரியாதையை மூட்டை கட்டி வைத்திருந்தால், ஒரே ஆளுக்கு மட்டும் தெரியும் வெளிச்சம் எங்கிருந்து வரும் என்று வெள்ளிக்காரர் யோசித்திருப்பாரே. எனக்கு அவளை நாலு அறை அறைய வேண்டும்போல் இருந்தது. அவர் கவிழ்ந்தபடியே கையை நீட்டி அவள் தலையைத் தேடித் தொட்டார். "போம்மா, போய் நல்லா ஓட்டு" என்றார்.

வாயு கரைந்தது. இடது கண்ணுக்கு வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் தெரிந்தது. அவ்வளவுதான்.

ஆனால் அவர் விடவில்லை. ஒற்றைக் கண்ணோடு பழகிவிட்டால், மற்றக் கண் குறையில்லாமல் இருந்தால், மருத்துவ போர்டு பார்த்துத் திரும்பப் பறக்கவிட வாய்ப்பு இருக்கிறதாம். அபூர்வம்தான், ஆனாலும் நடந்திருக்கிறதாம். அதைப் பிடித்துக்கொண்டார். டம்ளரில் சிந்தாமல் தண்ணீர் ஊற்றப் பழகினார். என் ஸ்கூல் மைதானத்துக்கு வந்து, கூம்புகளுக்கு நடுவில் காரை நுழைத்து நுழைத்து எடுத்தார். என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு, "சரிங்க மேடம்" என்றார். அந்த மாதங்களில் எனக்கும் ஆசை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. யூனிஃபார்மைத் தேய்த்து மாட்டி வைத்தேன்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. வலது கண்ணிலும் விழித்திரை சில இடங்களில் நைந்திருக்கிறது, முன்னெச்சரிக்கையாக லேசர் போட்டுவிட வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். எனக்கு வகுப்பு இருந்த ஒருநாள் அவரே ஆட்டோ பிடித்துப் போய்விட்டு வந்தார். "போட்டாச்சு. எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லை" என்றார்.

போர்டுக்கு இன்னும் சில நாட்கள். சாயங்காலம், பொழுது மங்குகிற நேரம், பால்கனியில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன். படாரென்று கை தட்டுகிற சத்தம் கேட்டது.

அடுப்பை அணைத்தேன். டம்ளரை எடுத்துக்கொண்டு போய், இடது பக்கம் தெரியாது என்பதால் எப்போதும் நிற்கிற மாதிரி அவருக்கு வலது பக்கம் போய் நின்றேன். டம்ளரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் சுட்டது. நான் அசையவில்லை.

"ஏம்மா, டீ என்ன ஆச்சு? இன்னுமா கொதிக்குது?" என்று கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இங்கதான் நிக்கிறேன்" என்றேன்.

அவர் உடம்பு தூக்கிப் போட்டது. தலையை முழுக்கத் திருப்பி, என்னைக் கண்டுபிடித்தார்.

"லேசர் போடலை. அப்படித்தானே?"

"போட்டா தழும்பு விழும். போர்டுல கண்ணுக்குள்ள விளக்கடிச்சுப் பார்ப்பாங்க. தழும்பைப் பார்த்தா அந்தக் கண்ணும் சந்தேகம்னு எழுதிடுவாங்க."

"எப்பலேருந்து வெளிச்சம் வருது?"

"போன தடவை வாயைத் திறந்து சொன்னேன். என்ன ஆச்சு? ஊரே சிரிச்சுச்சு. கண்ணு போச்சா, இல்லையா? இந்தத் தடவை சொல்லலை, அவ்வளவுதான்."

"பாவி மனுஷா! எந்திரிங்க. இப்பவே போகலாம். எந்திரிங்கன்னு சொல்றேன்ல!"

டம்ளர் எப்போது என் கையிலிருந்து விழுந்தது என்று தெரியாது. அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் நாற்காலியின் கையை இறுக்கப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போர்டு முடியட்டும். நாலு நாள்தானே. ஒரே ஒரு தடவை மேலே போயிட்டு வந்துடுறேன். அப்புறம் நீ சொல்ற இடத்துக்கெல்லாம் வர்றேன்" என்று கெஞ்சினார். என்னிடம் எதற்குமே கெஞ்சாத ஆள்.

அப்போது வலது பக்கம், மரங்களுக்கு மேலே, இறங்க வருகிற ஒரு விமானத்தின் விளக்கு தெரிந்தது. வெள்ளையாக, பெரிதாக, நகராமல் ஒரே இடத்தில் நின்று எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"வலது பக்கம் பாருங்க. தலையைத் திருப்பாதீங்க, கண்ணால மட்டும். ஒரு வெளிச்சம் வருது, தெரியுதா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். விமானத்தில் உட்காருகிற மாதிரி முதுகை நேராக்கிக்கொண்டு பார்த்தார்.

"அங்க ஒண்ணும் இல்லையே" என்றார்.

அது பெரிதாகிக்கொண்டே வந்தது. பால்கனிக் கம்பியின் நிழல் அவர் முகத்தில் விழுந்து நகர்ந்தது. ஜன்னல்கள் அதிர அது தலைக்கு மேல் கடந்து போனபோதுதான் அவர் முகத்தை மேலே தூக்கினார்.

"ரெண்டு இன்ஜின்" என்றார்.